கிறகரி அண்ணனின் சிவந்த கழுத்துக் கொக்கு

மன்னார்த் தீவில் உப்புக்குளத்திலிருந்து, பாலத்துக்கு அப்பாலுள்ள தள்ளாடிக்கு ஓட்டோவில் போக அதிக நேரம் ஆகாது. கிறகரி அண்ணன் ஏறிவிட்டால் மட்டும் அது அரை நாள் பயணம். பாலத்தைத் தாண்டுவதற்குள் "முஹைதீன், கொஞ்சம் நிப்பாட்டும்" என்பார். நிறுத்துவேன். இறங்கி, கழுத்தில் தொங்கும் பைனாக்குலரைத் தூக்கிச் சேற்றுக்குள் எதையோ பார்த்துக்கொண்டு நிற்பார். பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடிப்பான். எனக்குக் கோபம் வரும். பொறுமை குறைந்த ஆள் என்று வீட்டில் என்னைச் சொல்வார்கள்; அது பொய்யென்று காட்டப் போய் நான் சண்டை பிடித்ததும் உண்டு. ஆனால் அவர் திரும்பி வந்து சீற்றில் ஏறும்போது முகத்தைப் பார்த்தால் கோபம் இருந்த இடம் தெரியாது. திருவிழாவில் பலூன் வாங்கிய பிள்ளையின் முகம் அது. அறுபதைத் தாண்டிய மனிதருக்கு அப்படி ஒரு முகம் எப்படி வாய்த்தது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

அவர் மாவட்ட நிர்வாக அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். கீரியில் வீடு. இடம்பெயர்ந்து போயிருந்த எங்கள் குடும்பம் புத்தளத்திலிருந்து மன்னாருக்குத் திரும்பி வந்த காலத்தில், காணி விசயமாக நான் அந்தக் கந்தோருக்கு நடையாய் நடந்தேன். மேசைக்கு மேசை அனுப்பினார்கள். ஒருநாள் வெயிலில் வந்து சுவரோடு சாய்ந்து நின்றபோது, மெலிந்த மனிதர் ஒருவர் எழும்பித் தன் கதிரையை என் பக்கம் தள்ளினார். "முதல்ல இருங்கோ. தண்ணி குடிச்சனீங்களோ?" என்று கேட்டார். என் வேலை அன்றைக்கு முடியவில்லை; அதை முடிக்கும் அதிகாரம் அவருக்கு இருக்கவும் இல்லை. ஆனாலும் அந்தக் கதிரையை நான் மறக்கவில்லை. அவர் கேட்ட இடத்தில் எல்லாம் நான் ஓட்டோவை நிறுத்துவது கொக்குக்காக இல்லை, அந்தக் கதிரைக்காக.

பறவைப் பைத்தியம் ஓய்வுக்குப் பிறகு பிடித்தது. சீனி வருத்தத்துக்கு நடக்கச் சொன்னார் டொக்டர். காரணம் இல்லாமல் நடக்க வெட்கமாயிருக்கிறது என்றார் இவர். கனடாவிலிருக்கும் மகன் றொட்னி பைனாக்குலர் ஒன்றை அனுப்பிவைத்தான். அதன் பிறகு நடப்பதற்குக் காரணத்துக்கு என்ன குறை?

குறை வேறு இடத்தில் இருந்தது. பறவைகள்மீது அவருக்கிருந்த பிரியத்தில் கால்வாசிகூட அவற்றை அடையாளம் காண்பதில் இல்லை. ஒருமுறை வங்காலைப் பக்கம் ஒரு பூநாரை தனித்து நிற்கிறது, நோயாளிப் பறவையாக்கும் என்று என்னையும் சேற்றுக்குள் இறக்கினார். முழங்கால்வரை புதைந்து கிட்டப் போய்ப் பார்த்தால், கண்டல் செடியில் சிக்கிய இளஞ்சிவப்புச் சொப்பிங் பை.

"காத்துக்கு ஆடினது. நான் செட்டையெண்டு நினைச்சனான்" என்றார். செருப்பு ஒன்றைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார். பிறகு நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

கொழும்பில் பறவை பார்க்கிறவர்களின் சங்கம் ஒன்று உண்டு. அபூர்வமான பறவை எங்கே தென்பட்டாலும் அதைச் சரிபார்த்துப் பதிவார்கள். பக்கத்தில் கண்டவரின் பெயரைப் போடுவார்கள். கிறகரி அண்ணன் தான் கண்டதையெல்லாம் படத்தோடு அனுப்புவார். ஒவ்வொரு முறையும் ஒரே மறுமொழிதான் வரும்: 'ஆதாரம் போதாது. தொடர்ந்து அவதானியுங்கள்.' அதை எனக்கு வாசித்துக் காட்டி, "மரியாதையாத்தான் எழுதியிருக்கினம்" என்பார்.

ஒருநாள் பாலத்தடியில் நிற்கும்போது, என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்: "ஒண்டே ஒண்டு காணும், முஹைதீன். ஒரு பறவைக்குப் பக்கத்தில என்ர பேர். கச்சேரியில காலம் முழுக்க மற்ற ஆக்களின்ர பேரைத்தான் எழுதினனான்."

பின்னால் ஹோர்ன் அடித்த பஸ்காரனை, சுற்றிப் போ என்று நான் கையைக் காட்டி அனுப்பினேன்.

இனி அந்தக் கொக்கின் கதைக்கு வருகிறேன். குருட்டுக்கொக்கை உங்களுக்குத் தெரிந்திருக்கும். குளத்தோரத்தில் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு மண்ணோடு மண்ணாக நிற்கும். மிதிக்கப் போகும்வரை அசையாது. கண் தெரியாது என்று நினைத்து ஆட்கள் வைத்த பெயர். பறந்தால் மட்டும் எங்கிருந்தோ வெள்ளைச் செட்டை விரியும். அதற்கு ஒரு ஒன்றுவிட்ட சகோதரம் இருக்கிறதாம்: சீனக் குளக்கொக்கு. இலங்கைக்கு மிக அபூர்வமாகத்தான் வரும். வந்தாலும் அதுதானா என்று சொல்வது பெரும்பாடு.

"மாரியில ரெண்டும் ஒண்டுதான்" என்று ஓட்டோவுக்குள்ளிருந்து விளக்கினார் கிறகரி அண்ணன். "அதே மண்ணிறம், அதே கோடு, அதே வெள்ளைச் செட்டை. சோடி சேருற காலம் வந்தாத்தான் உடுப்பு மாத்தும். எங்கட ஆளுக்குத் தலையும் கழுத்தும் மங்கல் மஞ்சள், முதுகு கருஞ்சிவப்பு. சீனத்து ஆளுக்குத் தலையும் கழுத்தும் கருஞ்சிவப்பு, முதுகு கறுப்பு."

"விளங்குது. எங்கட ஆள் சிவப்புச் சால்வையை முதுகில போடுறார். அவர் கழுத்தில சுத்துறார்."

"அதேதான்" என்று என் முதுகில் தட்டினார். அவ்வளவு சந்தோசம்.

அந்த வருடம் எங்கள் நோன்பும் அவர்களுடைய தவக்காலமும் ஒன்றாக வந்தன. அவர் வீட்டில் இறைச்சி இல்லை. எனக்குப் பகலில் தண்ணீரும் இல்லை. கீரிக் கோயிலில் தவக்காலத்துக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் கைக்கு அடக்கமான ஒரு பனையோலைப் பெட்டி இருக்கும். வேண்டாமென்று விட்ட இறைச்சி, சிகரெட், இனிப்பு, எல்லாவற்றின் காசும் அதற்குள் விழும். ஈஸ்டருக்கு முந்திய பெரிய கிழமையில் பெட்டியோடு கொண்டுபோய்ப் பீடத்தடியில் வைப்பார்கள். அந்தப் பெட்டிகளை இழைப்பவர் கிறகரி அண்ணனின் மனைவி நிறஞ்சலா அக்கா. வழக்கமாக வெள்ளோலையில்தான் இழைப்பார். இந்த முறை பங்குச் சுவாமி தவக்கால நிறத்தில், ஊதாவில், கேட்டுவிட்டார். சாயத்தூள் வாங்கிவர அக்கா என்னை அனுப்பினார். கடையில் ஊதா போதுமான அளவு இல்லை. கொஞ்சம் சிவப்பையும் வாங்கிக் கொடுத்தேன். அக்கா இரண்டையும் கலந்து காய்ச்சினார். அது ஊதாவும் இல்லை சிவப்பும் இல்லை, கருஞ்சிவப்பாய் வந்தது. சுவாமி பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார்.

பெட்டி வேலை பாதியில் இருக்கும்போது ஒருநாள் காலை கிறகரி அண்ணன் போனில் கூப்பிட்டார். "ஓடி வாரும்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டதென்று பயந்து ஓட்டோவை விரட்டிக்கொண்டு போனேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சின்னக் குளத்தடியில் குந்தியிருந்தார். பைனாக்குலரை நீட்டினார். கோரைக்குப் பக்கத்தில் ஒரு குருட்டுக்கொக்கு. முதுகு வழக்கமான மண்ணிறம்தான். ஆனால் தலையும் கழுத்தும் நல்ல கருஞ்சிவப்பு.

"சொப்பிங் பை இல்லயே?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

படங்கள் கொழும்புக்குப் போயின. இந்த முறை ஒருவரி மறுமொழி வரவில்லை. சங்கத்தில் பதிவுகளைப் பார்க்கிற கிருஷாந்தி என்ற பெண் தானே போன் எடுத்தார். பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர். "அங்கிள், கழுத்து நல்லா இருக்கு. முதுகு கறுப்பா மாறுதா எண்டுதான் பார்க்கோணும். கறுத்தா இது உங்கட பதிவு. நாங்கள் பெருநாள் முடிய வாறம்" என்றார். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். 'உங்கட பதிவு' என்ற சொல்லை நானும் கேட்டேன், குசினி வாசலில் நின்ற அக்காவும் கேட்டார்.

அடுத்து வந்த நாட்களில் கிறகரி அண்ணனைப் பார்க்க வேண்டுமே. தாடியை ஒழுங்காக மழித்தார். பூசை முடிந்து வந்தவர்களையெல்லாம் குளத்தடிக்குக் கூட்டிப்போனார். நோன்பு திறக்க எனக்குக் கஞ்சி வாங்கி வந்து, தானும் பக்கத்தில் இருந்து குடித்தார். முதுகு கறுக்கிறதா என்று காலையும் மாலையும் பார்த்தார். ஒருநாள் கறுத்த மாதிரி இருக்கிறது என்பார், மறுநாள் முகில் மூட்டம் என்பார்.

பிறகு ஒரு காலை நிறஞ்சலா அக்கா போன் எடுத்தார். "முஹைதீன் தம்பி, இவர் கோயிலுக்குப் போட்டார். ஒருக்கா வந்திட்டுப் போங்கோ."

போனேன். அக்கா என்னைக் குசினிக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சுவரோரத்தில் இருந்த பெரிய பிளாஸ்டிக் பேசனைக் காட்டினார். ஓலை போட்டு எடுத்த மிச்சச் சாயம் அதில் ஆறிக் கிடந்தது. மறுபடி பாவிக்க அப்படியே வைத்திருந்தார். இரவில் ஈரம் தேடி வருகிற தவளைகள் அதற்குள் விழுந்து ஏற முடியாமல் தத்தளிக்குமாம்.

"விடிய அந்தக் கொக்கு வருது, தம்பி. விளிம்பில நிண்டு கழுத்து முழுக்க உள்ளுக்கு விட்டுத் தவளையைப் பிடிக்குது. நேற்றும் கண்டனான், இண்டைக்கும் கண்டனான்."

நான் பேசனைப் பார்த்தேன். நான் வாங்கிக் கொடுத்த சிவப்பு. எனக்குச் சிரிப்பு வந்தது, அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"அவர் ஒழுங்கா நித்திரை கொண்டே எத்தினை நாளாச்சு. எல்லாம் சந்தோசத்தில" என்றார். "நான் எப்பிடி வாயைத் திறந்து சொல்லுறது?"

எனக்கு வழி உடனே தோன்றியது. "சொல்லவே வேணாம் அக்கா. பேசனை மூடி வையுங்கோ. கொக்கின்ர சாயம் வெளுத்துப் போகும். சீனத்து ஆள் பறந்து போயிட்டார் எண்டு அண்ணன் நினைப்பார். கொழும்பு ஆக்களும் அப்பிடித்தான் நினைப்பினம். கண்டது கண்டதுதானே. ஒருவேளை பேரும் போடுவினம். ஆருக்கு நட்டம்?"

அந்த யோசனை அக்காவுக்கும் இனித்திருக்க வேண்டும். கடைசியில் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"இவர் பிழையாப் பாக்கிற மனிசன்தான். ஆனா ஒரு நாளும் பொய் எழுதி அனுப்பினவர் இல்ல. அவற்ற பேரில நான் பொய் வைக்க ஏலாது, தம்பி."

நான் தலைகுனிந்துகொண்டேன். அவர் சொன்னது சரி என்று தெரிந்ததில் வந்த கோபம் வேறு.

"அப்ப சொல்லுங்கோ."

"சொல்ல ஏலாது. காட்டுறன். நாளைக்கு விடிய நீங்களும் வாங்கோ. அந்த நேரம் அவருக்குப் பக்கத்தில ஒரு ஆள் வேணும்."

மறுநாள் அதிகாலை சுபஹ் தொழுதுவிட்டு நேரே கீரிக்குப் போனேன். அக்கா கிறகரி அண்ணனைக் குசினி யன்னலடிக்குக் கூட்டி வந்திருந்தார். பைனாக்குலர் தேவையில்லை என்று சொல்லி அதைக் கழற்றி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டார். "ஏன்? என்ன விசயம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் இன்னும் குழம்பினார். நாங்கள் மூன்று பேரும் யன்னல் கம்பியோடு நெருங்கி நின்றோம்.

கொக்கு வந்தது. மதிலில் இருந்தது. பிறகு நிலத்தில் இறங்கி, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்துப் பேசனடிக்கு வந்தது. விளிம்பில் ஏறியது. அசையாமல் நின்றது. சட்டென்று கழுத்து முழுவதும் உள்ளே போனது. வெளியே வரும்போது அலகில் தவளை, கழுத்திலிருந்து சொட்டுச் சொட்டாகக் கருஞ்சிவப்பு.

நான் யன்னலுக்கு வெளியேதான் பார்த்தேன். அவர் பக்கம் திரும்பத் துணிவில்லை. அக்காவின் கை அவருடைய சேட்டு நுனியைப் பிடித்திருந்தது மட்டும் தெரிந்தது.

"பிடிச்சிட்டுது" என்றார் கிறகரி அண்ணன், மெதுவாக. தவளையைச் சொன்னார்.

கொக்கு தவளையை விழுங்கி முடித்துப் பறந்து போகும்வரை பார்த்தார். பிறகு கேட்டார்: "ஊதாவுக்குள்ள சிவப்புக் கலந்தனீயோ?"

"ஓம்" என்றார் அக்கா. அதற்கு மேல் அவரால் முடியவில்லை, அழுதுவிட்டார்.

"ஏன் அழுறாய்? நல்ல நிறமெல்லோ" என்றார் அவர். சொல்லிவிட்டு வெளியே போய்க் குளத்தடியில் நின்றார். நான் பின்னால் போகப் பார்த்தேன். அக்கா வேண்டாமென்று தலையசைத்தார். அந்த மெலிந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொப்பிங் பைக்கு அன்றைக்கு அவ்வளவு சிரித்தேனே என்று இருந்தது.

திரும்பி வந்து மேசையில் தவக்காலப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து, போனில் எதையோ தட்டினார். அனுப்ப முதல் எனக்கு வாசித்துக் காட்டினார். கச்சேரிக்காரர் அல்லவா, வசனம் சுத்தமாக இருந்தது: 'நான் அனுப்பிய குளக்கொக்குப் பதிவை நானே நிராகரிக்கிறேன். கழுத்தில் இருப்பது என் மனைவியின் ஓலைச் சாயம். ஆதாரம் போதாது. தொடர்ந்து அவதானிக்கிறேன். கிறகரி.'

"மரியாதையாத்தானே எழுதியிருக்கிறன்?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணன். நல்ல மரியாதையா இருக்கு" என்றேன்.

இனி யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தோம். கிருஷாந்தி திருப்பிக் கூப்பிட்டார். முதலில் அந்தப் பக்கம் சிரிப்பு மட்டும்தான் கேட்டது. பிறகு, "அங்கிள், நாங்கள் கட்டாயம் வாறம். அந்தப் பேசனைக் கழுவிப் போடாதீங்கோ" என்றார்.

பெருநாள் கழிந்து வந்தார்கள். என் வீட்டிலிருந்து வட்டிலப்பம் போனது; அக்கா மீன் குழம்பு வைத்தார். கொக்கு அந்த நேரத்துக்குள் உடுப்பு மாற்றத் தொடங்கியிருந்தது. முதுகில் புதிய இறகு வந்திருந்தது. கறுப்பு இல்லை, கருஞ்சிவப்பு. எங்கள் ஆளேதான். அக்கா பேசனை மூடி வைத்ததால், கழுத்தில் பழைய சாயம் திட்டுத் திட்டாய் உதிர, அடியிலிருந்து மங்கல் மஞ்சள் தெரிந்தது. அரைவாசி வெள்ளையடித்த வீட்டுச் சுவர் போல நின்றது அது. கிருஷாந்தி மணிக்கணக்காகப் படம் எடுத்தார். கழுத்தை மட்டும் பார்த்து ஏமாந்தவர்கள் வேறு இடங்களிலும் இருக்கலாம், முதுகையும் பார்க்க வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதி சங்கத்தின் சஞ்சிகையில் போடப் போவதாகச் சொன்னார்.

"கண்டவர் எண்டு உங்கட பேரைத்தான் போடுறன், அங்கிள்."

எத்தனையோ காலம் கேட்டது கைக்கு வந்து நிற்கிறது. அதை வாங்கக் கிறகரி அண்ணனுக்குக் கை வரவில்லை.

"இவவின்ர பேரை முன்னுக்குப் போடுங்கோ. நிறஞ்சலா. நான் கொக்கைத்தான் கண்டனான். விசயத்தைக் கண்டது இவ" என்றார்.

அக்கா, "எனக்கென்னத்துக்கு உந்தப் பேரும் ஊரும்" என்று குசினிக்குள் போய்விட்டார். போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. பெயர் அப்படியே அச்சாகி வந்தது, அக்காவுடையது முதலில், அண்ணனுடையது பிறகு. இப்போது சஞ்சிகையின் அந்தப் பக்கம் கண்ணாடி போட்டு, திருக்குடும்பப் படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறது.

ஈஸ்டர் முடிந்து ஒரு பின்னேரம் போயிருந்தேன். குளம் வற்றத் தொடங்கியிருந்தது. கொக்கு அங்கேதான் நின்றது. சாயம் இருந்த தடமே இல்லை. மங்கல் மஞ்சள் கழுத்து, சிவப்பு முதுகு, பிடரியில் இரண்டு வெள்ளை இறகு, மாப்பிள்ளைக் கோலம். கிறகரி அண்ணன் பைனாக்குலர் இல்லாமல் வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கவலையில்லையா அண்ணன்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் என் வாய் அப்படி.

"முதல்ல இருந்தது" என்றார். "பிறகு யோசிச்சனான். சீனத்து ஆளெண்டா இந்த நேரத்துக்கு வடக்க போயிருக்கும், முஹைதீன். அது போற சாதி. இது எங்கட. நிக்கும்."

றொட்னி கனடாவுக்குப் போனதிலிருந்து ஒருதரமும் ஊருக்கு வரவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டேன், வாழ்க்கையில் ஒருதடவை.

அக்கா குசினியிலிருந்து இரண்டு பேசன்களோடு வந்தார். ஒன்றில் சாயம், அதை வலைத்துண்டால் இறுக்கி மூடிச் சுவரோரத்தில் வைத்தார். மற்றதைக் குளத்துப் பக்கம் கொண்டுபோய், நிலத்தில் சரிபார்த்து வைத்து, வாளியால் நல்ல தண்ணீர் ஊற்றினார்.

"அது என்னத்துக்கு?" என்று கேட்டார் கிறகரி அண்ணன்.

"குளம் வத்துது. நிக்கிறதெண்டா அதுக்குத் தவளை வேணுமெல்லோ?" என்றார் அக்கா.